கடைசி வாய்த் தேத்தண்ணி

ஷிபான் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தான். பிறகு சுண்டுவிரலை விட்டு, மிதந்துகொண்டிருந்த கறுப்புப் புள்ளி ஒன்றை விளிம்போரமாக ஏற்றி எடுத்து மேசையில் தடவினான்.

“சுபா அக்கா, நான் கேட்டது பிளேன்டீ. இறைச்சி போடச் சொல்லல்லையே.”

பக்கத்து மேசையில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சுபாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில் இப்படித் திரும்பி வந்த மூன்றாவது கோப்பை அது. முதல் கோப்பை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடையது. அவள் ஒன்றும் சொல்லாமல் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“இரு, வேற ஊத்தித் தாரேன்.”

“ஊத்துங்க. ஆனா மூடி போட்டுத் தாங்க.” ஷிபான் குரலைத் தாழ்த்தினான். பண்டாரவளைக்காரன். மலையூரான எல்லயிலிருந்து கொழும்புக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான். “சிரிச்சிக்கிட்டுச் சொன்னாலும் விளையாட்டுக்குச் சொல்லல்ல அக்கா. ஞாயிற்றுக்கெழம எங்க கம்பனி மிஸ் வாராங்க. கட புடிச்சிட்டா எங்க வேன் எல்லாம் இங்கதான் நிக்கும். கோப்பையில இத மாதிரி ஒண்ணு கெடந்தா, நான் கூட இங்க நிக்க ஏலாது.”

கல்லாவில் இருந்த விஜேந்திரனின் காதில் அது விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் ஷிபானும் சொல்லியிருப்பான். வேன் போன பிறகு விஜேந்திரன் எழுந்து வந்து, கண்ணாடியோரம் வரிசையாக நின்ற செடிகளுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான்.

“ஞாயிற்றுக்கெழம காலையில இந்தக் காடு உள்ள இருக்கக் கூடாது.”

“வெளியில வச்சா செத்துப் போகும்ங்க.”

“அது செத்தா செடி. கட செத்தா நாம.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் மனைவியானாலும், கடையைப் பற்றிய பேச்சில் அவன் முடித்தால் முடித்ததுதான்.

ஹல்துமுல்லையைத் தாண்டி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ரோடு வளைகிற இடத்தில் அந்தக் கடை இருந்தது. விஜேந்திரன் எடுத்தபோது அது வெறும் தகரக் கொட்டகை. திறந்த பக்கத்து மேசையோரங்களிலும் கல்லாவுக்குப் பக்கத்திலும் பழைய தார் வாளிகள் கிடக்கும். குடித்து முடித்தவர்கள் கோப்பையின் அடியில் நிற்கிறதை அதில் கொட்டுவார்கள், வெற்றிலையும் துப்புவார்கள். பள்ளத்தாக்குப் பக்கம் கண்ணாடி போடலாம் என்று சொன்னது சுபாஜினி. அந்த வாளிகளைத் தூக்கி வீசிவிட்டு, அதே இடங்களில் செடி வைத்ததும் அவள்தான். பெயின்ட் வாளியில் மொன்ஸ்டெரா, பால்மா டின்களில் மணி பிளான்ட், கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்பு அந்தூரியம். மொன்ஸ்டெராவைப் பூனாகலையில் ஒரு பங்களாவை இடித்துக் கட்டியபோது, குப்பையோடு போக இருந்த ஒரு தண்டாக மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். இப்போது அதன் இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. பலகையில் ‘விஜே ஹோட்டல்’ என்று எழுதியிருந்தாலும் வருகிறவர்கள் ‘பச்சக் கடை’ என்றுதான் சொன்னார்கள். வெள்ளைக்காரர்கள் அந்த இலைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். கடையின் பத்திரம், கடன், அடுப்பு, கல்லா எல்லாம் விஜேந்திரனுடையவை. அந்தப் பெயர் மட்டும் அவளுடையது.

வெளியில் வைக்க முடியாது. கணவாயிலிருந்து இறங்கும் காற்று அந்த அகல இலைகளை இரண்டே நாளில் நார்நாராகக் கிழித்துவிடும். மிச்சத்தைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆடுகள் பார்த்துக்கொள்ளும். உள்ளே இத்தனை செடிக்கு வேறு எங்கும் வெளிச்சமில்லை.

கண்ணாடி போட்ட பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. மழை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அந்தப் பொடி ஈக்கள் வந்தன. கொசுவைப் போல மெலிந்த உடம்பு, ஆனால் கடிக்காது. நேராகப் பறக்கவும் தெரியாது. தள்ளாடித் தள்ளாடி வந்து கோப்பையிலோ, பேசுகிறவர் வாயிலோ விழும். மண்ணில் முட்டை வைக்கிற பூச்சி என்று போனில் தேடிக் கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு அவள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் வினாகிரியில் சவர்க்காரத்தைக் கரைத்துச் சின்னக் கிண்ணங்களில் வைத்தாள். கொஞ்சம் ஈக்கள் விழுந்தன. ஒரு பஸ் கண்டக்டர் அதைத் தொட்டுக்கொள்ள வைத்த ஏதோ என்று நினைத்து வடையைத் தொட்டுத் தின்றுவிட்டு, வாயில் நுரையோடு எழுந்து நின்றார். அடுத்ததாகப் பண்டாரவளை மருந்துக் கடையில் மஞ்சள் நிறப் பசை அட்டை வாங்கிக் கட்டினாள். இரண்டு நாளில் அட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளி. பூச்சிக்கு வைத்த பொறி, இங்கே பூச்சி இருக்கிறது என்று சொல்லும் விளம்பரப் பலகையாகிவிட்டது. ஒரு பெண்ணின் தலைமுடியும் அதில் மாட்டிக்கொண்டது. வேப்பெண்ணெய் அடித்த நாளில் ரொட்டி விற்கவில்லை. கறுவாத்தூள் தூவினாள். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஈக்களுக்கும் அது பிடித்திருந்தது போலும், அதன் மேலேயே நடந்து திரிந்தன. ஆற்றிலிருந்து வெள்ளை மணல் அள்ளிவந்து மண்ணை மூடினாள். சில நாளில் மணல் பழுப்பேறி, பிறகு கறுத்துப் போனது. அடிமண் மேலே ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் கோபம் தலைக்கேறி, எல்லாச் செடியையும் பிடுங்கி, மண்ணைச் சோறாக்கும் அண்டாவில் போட்டு அவித்தாள்.

“இன்னைக்கு மண்ணுச் சோறா?” என்று விஜேந்திரன் கேட்டான். “தொட்டுக்க என்ன, கூழாங்கல்லா?”

அவித்தது பலித்தது. அதே வாரம் மேலே மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டது. பஸ் இல்லை, வேன் இல்லை, கடையில் ஆளில்லை. அவித்த மண்ணில் செடிகள் மட்டும் நின்றன. ஒரு பூச்சியைக்கூடக் காணோம். மண்ணை அவித்தால் போதும் என்று அவள் ஷிபானுக்குப் போன் போட்டுக்கூடச் சொன்னாள். பிறகு ரோட்டைத் திறந்தார்கள். பஸ் ஓடியது. கொஞ்ச நாளில் ஈக்களும் வந்து சேர்ந்தன.

போனில் வைத்தியம் சொன்ன எல்லோரும் முடிவில் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். மேல்மண் காய வேண்டும். காய்ந்தால் புழு சாகும். சொல்கிறவர்கள் எல்லோரும் வெயில் அடிக்கிற ஊரில் இருந்தார்கள் என்பது அவர்களுக்குப் பின்னால் தெரிந்த வானத்தைப் பார்த்தாலே புரிந்தது. ஆனாலும் ரோடு திறந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மொன்ஸ்டெராவின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். நனைந்த சாக்குக்குள் விட்டது போல இருந்தது. மணி பிளான்டும் ஈரம், அந்தூரியமும் ஈரம். சாமான் அறை ஜன்னலில் தனியாக இருந்த ஒரே ஒரு செடியில் மட்டும் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதில் ஒரு ஈ இல்லை.

அதே மண், அதே குளிர், அதே மூடுபனி. அப்படியானால் கடைக்குள் இருக்கிற செடிகளுக்கு மட்டும் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடையில் இருப்பது மூன்று பேர். விஜேந்திரன் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மிஞ்சியது பெரியாயி. கீழ் லயத்திலிருந்து வந்து தேத்தண்ணி போட்டு, கோப்பை கழுவுகிறவள்.

“அக்கா, எத்தன தடவ சொன்னேன் ஒங்ககிட்ட, செடிக்குத் தண்ணி ஊத்தாதீங்கன்னு?”

பெரியாயி அடுப்பிலிருந்து திரும்பினாள். “நா எங்க ஊத்துனேன்?”

“அப்ப மண்ணு எப்பிடி நனையுது? மழ கண்ணாடியப் பிச்சிக்கிட்டா உள்ள வருது?”

“இந்தா புள்ள. பீலிக்குப் போயி தண்ணி புடிச்சிட்டு மேட்டுல ஏறி வர்றவ நா. அந்தத் தண்ணிய ஒன் காட்டுக்கு ஊத்த எனக்கென்ன கிறுக்கா?”

“வேற யாரு தொடுறா? நீங்களே சொல்லுங்க.”

“எனக்கென்ன தெரியும்?” பெரியாயியின் முகம் சுருங்கிப் போனது. “நம்பலேன்னா சொல்லிப்புடு. தோட்டத்துல கொழுந்து எடுக்க ஆள் பத்தாம கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அன்று முழுவதும் பெரியாயி வைத்த ஒவ்வொரு கோப்பையும் மேசையில் சத்தத்தோடுதான் இறங்கியது. சுபாஜினிக்கும் மனசு சரியில்லை. ஆனாலும் வேறு வழியில் யோசிக்க முடியவில்லை.

சனிக்கிழமை அவள் தோற்றுவிட்டாள். செடிகளை எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்று கத்தியோடு மொன்ஸ்டெராவுக்குப் பின்னால் போய்க் குந்தினாள். கண்ணாடிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறுகளை அறுக்க வேண்டும். முதல் முடிச்சிலேயே கை நின்றுவிட்டது. அறுத்தால் தண்டு முன்னால் சாயும், சாய்ந்தால் ஒடியும். கத்தியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பதுளையிலிருந்து வந்த கொழும்பு பஸ் வந்து நின்றது. ஆட்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். தேத்தண்ணி, ரோல்ஸ், வடை என்று சத்தம். அவள் எழவில்லை. இலைகளுக்குப் பின்னால் அவள் இருப்பது யாருக்கும் தெரியவும் இல்லை. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். நாற்காலிகள் நகர்ந்தன.

அவள் முகத்துக்கு நேரே, இலைக்கு மேலாக ஒரு கை நீண்டது. கையில் கோப்பை. மணிக்கட்டு ஒரு சுழற்று சுழற்றியது. கோப்பையின் அடியில் நின்றது மொன்ஸ்டெராவின் மண்ணில் கொட்டியது. கை போய்விட்டது.

அவள் தலையை நிமிர்த்தினாள். அதற்குள் இன்னொரு கை வந்தது. வளையல் போட்ட கை. அதே சுழற்று. அந்தப் பக்கம் மணி பிளான்ட் டின்னில் ஒரு கிழவர் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து இரண்டு தட்டும் தட்டினார்.

இலைகளின் இடுக்கு வழியே கல்லா தெரிந்தது. விஜேந்திரன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தான்.

“ஆமாங்க மிஸ்… கட சுத்தமா இருக்கு… செடியா? அதெல்லாம் எடுத்தாச்சுங்க மிஸ், பூச்சித் தொல்லைன்னு…”

சொல்லிக்கொண்டே தன் கோப்பையை எடுத்தான். ஒரு சுழற்று. அந்தூரியத்தின் தலையில் ஊற்றினான்.

“என்னங்க!”

இலைகளுக்குள்ளிருந்து கத்தியோடு எழுந்து நின்றவளைப் பார்த்து, வளையல் போட்ட பெண் “ஐயோ அம்மா” என்று பின்னால் போனாள். விஜேந்திரன் போனைப் பொத்தினான்.

“போன் பேசுறேன்ல?”

“இப்ப கையில என்ன பண்ணுனீங்க?”

“தேத்தண்ணி குடிச்சேன்.”

“மிச்சத்த எங்க ஊத்துனீங்க?”

அவன் கோப்பையைப் பார்த்தான், அந்தூரியத்தைப் பார்த்தான். “மிச்சமா? மிச்சம் ஏது? மண்டிதான்.”

அவன் பொய் சொல்லவில்லை. ஊற்றியது அவனுக்கே தெரியாது. தேயிலை பெக்டரியில் மலிவாகக் கிடைக்கிற தூள் மாவு மாதிரி இருக்கும். எந்த வடிகட்டியிலும் நிற்காமல் இறங்கி, கோப்பையின் அடியில் ஒரு வாய் கறுப்பாகத் தங்கும். தோட்டத்தில் பிறந்த யாரும் அந்தக் கடைசி வாயைக் குடிப்பதில்லை. லயத்தில் வாசலில் வீசுவார்கள், மலையில் செடியடியில் வீசுவார்கள், கடையில் வாளியில் ஊற்றுவார்கள். வாளி இருந்த இடத்துக்குக் கை தானாகப் போனது. அங்கே இப்போது வாளி இல்லை, மொன்ஸ்டெரா இருந்தது. வாளியை வீசியது யார்?

அடுக்களை வாசலில் பெரியாயி வந்து நின்றாள். “ஓகோ. நாந்தானே தண்ணி ஊத்துறேன்!”

சுபாஜினி கத்தியை மேசையில் வைத்தாள்.

“நானும் பாக்குறேன், இப்பல்லாம் கழுவ வர்ற கப்பு சுத்தமா வருதே, சனங்க திருந்திருச்சு போலன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். இதுதானா சங்கதி?”

பஸ் போன பிறகு சுபாஜினி ஒரு கரண்டியால் மேல்மண்ணைச் சுரண்டினாள். மண் என்று நினைத்திருந்த இடத்தில் விரல் கனத்துக்குத் தேயிலைத்தூள் படிந்து, பால் தேத்தண்ணியின் இனிப்பில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. அதற்குள் நூல் துணுக்குகள் போலப் புழுக்கள், கறுப்புத் தலையோடு நெளிந்தன. தினமும் நூறு பேர் விருந்து வைத்திருக்கிறார்கள். இதற்கு வினாகிரி, இதற்கு வேப்பெண்ணெய், இதற்கு அண்டாவில் அவியல். யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு ஆளில்லை. நூறு பேரோடும் கத்த முடியாது, வாளியை வீசியவளோடு எப்படிக் கத்துவது?

“அக்கா, கோவிச்சுக்காதீங்க,” என்றாள், தலை நிமிராமல்.

“கோவமெல்லாம் நேத்தே போயிருச்சு.” பெரியாயி பக்கத்தில் குந்தி, தானும் ஒரு டின்னை இழுத்துச் சுரண்டத் தொடங்கினாள். “நீ வீசுன வாளில ஒண்ணு எங்கிட்டதான் கெடக்கு. கோழிக்குத் தண்ணி வைக்கிறேன். காலையில கொண்டாரவா?”

மாலை வரை இரண்டு பேரும் சுரண்டினார்கள். விஜேந்திரன் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“எடுத்தாச்சுன்னு மிஸ்கிட்ட சொல்லிட்டேன், சுபா.”

“சொன்னதும் நீங்க. ஊத்துனதும் நீங்க.”

“சுரண்டுனா பூச்சி நாளைக்கே போயிருமா?”

“போகாது. அடியில முட்ட இருக்கும். மண்ணு காயணும், நாள் எடுக்கும்.”

“அப்ப?”

அவள் அடுத்த டின்னை இழுத்துக்கொண்டாள். அவன் செடியைத் தூக்கவில்லை, தூக்கு என்று சொல்லவும் இல்லை. கயிறு அறுபடாமல் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷிபானின் வேனில் தயானி வந்து இறங்கினாள். கம்பனியில் வேலை கொழும்பில் என்றாலும் சொந்த ஊர் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹாலிஎல என்று ஷிபான் சொல்லியிருந்தான். உள்ளே வந்தவள் மொன்ஸ்டெராவுக்கு முன்னால் நின்று போனை எடுத்துப் படம் பிடித்தாள். பிறகு விஜேந்திரனைப் பார்த்தாள்.

“இதெல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?”

“எடுக்கணும்ங்க மிஸ்… எடுத்துக்கிட்டு இருக்கோம்.”

ஷிபான் கூரையைப் பார்த்தான். மேசைகளுக்கு நடுவே பெரியாயியின் வாளி நின்றது. துருப்பிடித்து, ஒரு பக்கம் நசுங்கி, கோழி எச்சத்தின் தடத்தோடு. அதைவிட அசிங்கமான பொருள் அந்தக் கடையில் இல்லை. சுபாஜினி அதை ஒரு நாற்காலிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள்.

தயானிக்குத் தேத்தண்ணி வந்தது. ஒரே ஒரு ஈ கண்ணாடியில் ஏறி, வழுக்கி, ஏறி, வழுக்கிக்கொண்டிருந்தது. சுபாஜினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கோப்பைப் பக்கம் வரவில்லை. தயானி வடை தின்றாள், பாத்ரூம் பார்த்தாள், வேன் நிறுத்த எவ்வளவு இடம் என்று கேட்டாள். மறுபடி வந்து உட்கார்ந்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாள். கோப்பையின் அடியைப் பார்த்தாள்.

மணிக்கட்டு சுழன்றது.

சுபாஜினி வாயைத் திறப்பதற்குள் விஜேந்திரன் கல்லாவைத் தாண்டிக் குதித்திருந்தான். நாற்காலிக்குப் பின்னால் இருந்த வாளியைக் காலால் ஓங்கித் தள்ளினான். வாளி மேசைக் காலில் மோதி ‘டங்’ என்று சத்தம் போட்டது. திடுக்கிட்ட தயானியின் கோப்பையிலிருந்த மண்டி பாதி தரையிலும் பாதி அவள் செருப்பிலும் கொட்டியது.

“அதுல வேணாங்க மிஸ்! இதுல, இதுல ஊத்துங்க!”

தயானி குனிந்து வாளிக்குள் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“செடி மேல அவ்வளவு பாசமா?”

“பாசமெல்லாம் இல்லீங்க. பூச்சி வரும்.”

ஷிபான் நெற்றியில் அடித்துக்கொண்டான். பெரியாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். தயானி செருப்பைத் துடைக்கக் காகிதம் கேட்டு வாங்கினாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. “ஷிபான்கிட்ட சொல்லி அனுப்புறேன்,” என்றுவிட்டு வேனில் ஏறினாள். அது நல்ல பதிலா கெட்ட பதிலா என்று யாருக்கும் விளங்கவில்லை. வேன் வளைவில் திரும்பும்போது ஷிபான் கையை வெளியே நீட்டி ஆட்டினான். அதுவும் விளங்கவில்லை.

விஜேந்திரன் கல்லாவில் போய் உட்கார்ந்து, ஆறிப் போயிருந்த தன் தேத்தண்ணியை எடுத்தான்.

“இப்ப சொல்லுங்க,” என்றாள் சுபாஜினி. “வெளியில தூக்கி வைக்கவா?”

அவன் குடித்தான். கோப்பையைச் சுழற்றினான். கை தன் பாட்டுக்கு அந்தூரியத்தின் பக்கம் போய், பாதியில் நின்றது. வாளி அங்கே மேசைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. சுபாஜினி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலிலிருந்து பெரியாயியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசி வாயை அப்படியே விழுங்கினான். இருமினான். பல்லிடுக்கெல்லாம் கறுப்பு.

“ஞாயிற்றுக்கெழம காலைன்னு தானே சொன்னேன்,” என்றான், நாக்கைத் துடைத்துக்கொண்டே. “இப்ப மத்தியானமாச்சே.”

வெளியே ஹோர்ன் கேட்டது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி, நனைந்த குடைகளை உதறிக்கொண்டு வந்தார்கள். திறந்த கதவு வழியே மூடுபனியும் அவர்களோடு உள்ளே வந்து, இலைகளின் மேல் ஈரமாக உட்கார்ந்தது. இந்த மண் எந்தக் காலத்தில் காயப் போகிறது? சுபாஜினி வாளியை எடுத்துத் தட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மொன்ஸ்டெராவுக்கு முன்னால் போய் நின்றாள்.